கட்டிலில் ஒட்டிய பேர்

என்ன தொழில்னு கேட்டீங்க. பேரு வாங்கி விக்கறேன்.

ஆமாங்க, பேருதான். ஜோசியம் பாத்து வைக்கிற பேரு இல்ல. இன்டர்நெட்ல ஒரு சைட்டு தொறக்கணும்னா அதுக்கு ஒரு பேரு வேணும்ல, பின்னாடி டாட் காம், டாட் இன்னு வருமே, அது. உங்க பேர்ல ஊருக்குள்ள பத்து பேர் இருக்கலாம். அங்க ஒரு பேரு ஒருத்தருக்குத்தான். முந்திக்கிட்டவனுக்கு அது. நான் முந்தி வாங்கி வச்சுக்குவேன், தேவைப்படறவங்க தேடி வருவாங்க, குடுப்பேன். இப்ப என்கிட்ட இருநூத்திப் பதினோரு பேரு இருக்கு.

அது போக ஆறு சைட்டு ஓட்டறேன். எந்தக் கோயில்ல எப்பத் திருவிழா, சர்வீஸ் கமிஷன் பழைய கேள்வித்தாள், எந்தத் தெருவுல இன்னிக்குக் கரண்ட் இல்ல, இந்த மாதிரி. ஜனங்க வந்து பாப்பாங்க, ஓரத்துல விளம்பரம் ஓடும், அது வீட்டுச் செலவுக்கு ஆச்சு. உறையூர்ல வீட்டு மாடியில ஒரு ரூம், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். பதினாலு வருஷமா இதான். அதுக்கு முன்னாடி கல்யாணப் பத்திரிகை டைப் அடிச்சுக்கிட்டு இருந்தேன். என் மாமனார் சாகற வரைக்கும் யாராவது கேட்டா, மாப்பிள்ளை வேலை தேடிக்கிட்டு இருக்கார்னுதான் சொல்லுவார். போகட்டும்.

இது நிலம் வாங்கிப் போடற மாதிரிதாங்க. ஒரு வித்தியாசம். பேருக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும். கட்ட மறந்தா கொஞ்ச நாள் பொறுப்பாங்க, அப்பறம் அது கீழ விழுந்துடும். விழுந்தத யாரு வேணா எடுத்துக்கலாம். விழப்போற பேருங்க லிஸ்ட் தினம் வரும். மத்தவங்க காபி குடிச்சுக்கிட்டே பேப்பர்ல இரங்கல் செய்தி பாப்பாங்கல்ல, அந்த மாதிரி நான் அதப் பாப்பேன். இதுல திருட்டு ஒண்ணும் இல்ல. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா என் சம்சாரம் கமலவல்லி அப்படித்தான் நெனைக்கிறா. சட்டப்படி ஒரு குத்தம் கிடையாது. வேணும்னா எந்த வக்கீலயும் கேளுங்க.

போன வருஷம் மாசி கடைசியில அந்த லிஸ்ட்ல ஒரு பேரு வந்துச்சு. கைமாத்து. கைமாத்து டாட் இன். எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. எப்பேர்ப்பட்ட பேரு பாருங்க. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, பக்கத்து வீட்டுக்காரன் நம்பிக் குடுக்கறது. இன்னிக்கு ஃபோன்ல கடன் குடுக்கற கம்பெனி எத்தனை இருக்கு, அத்தனையும் இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் அலையுது. பதினாலு வருஷத்துல எனக்கு அப்படி ஒண்ணு சிக்கினதில்ல. எடுத்தேன். அது யாரு வச்சிருந்தது, எதுக்கு வச்சிருந்தது, ஒண்ணும் எனக்கு அப்பத் தெரியாது. அருளப்பன்னு ஒருத்தர் இருந்தாருங்கறதே தெரியாது.

அப்பறந்தான் தெரிஞ்சுது. அவரு புதுக்கோட்டையில ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம்ல வேலை பாத்தவர். படுக்கையா கெடக்கறவங்க வீட்டுக்குக் கட்டில், வாட்டர் பெட், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் இலவசமா ஏற்பாடு பண்ணிக் குடுப்பார். அவரே வச்சிருந்து குடுக்கறது இல்ல. அதான் விசேஷம். ஒரு வீட்ல தேவை முடிஞ்சா, ஒண்ணு நோயாளி எந்திரிச்சிருப்பார், இல்ல போயிருப்பார், அந்த வீட்லேர்ந்து அடுத்த வீட்டுக்குப் போகும். எந்தக் கட்டில் எந்த ஊர்ல இருக்குன்னு அந்த சைட்லதான் எழுதி வைப்பார். ஒவ்வொரு கட்டில் கால்லயும் ஒரு ஸ்டிக்கர். 'தேவை முடிந்ததும் தெரிவிக்கவும்', கீழ இந்தப் பேரு, இதே பேர்ல ஒரு மெயில் அட்ரஸ். ஃபோன் நம்பர் போடலை. வேலை நேரத்துல பேச முடியாதுன்னு போடலையாம். மூணு மாவட்டத்துல நூத்துச் சில்லறை கட்டில்ல இந்தப் பேரு ஒட்டியிருக்கு.

மார்கழியில மனுஷன் நெஞ்சு வலியில போயிட்டார். பணம் கட்டச் சொல்லி வந்த மெயில் அவரு பெட்டியிலயே கெடந்திருக்கு. தொறந்து பாக்க ஆளில்ல. அதுக்கு நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

நான் வழக்கமாப் பண்றதத்தான் பண்ணேன். 'இந்தப் பேர் விற்பனைக்கு'ன்னு ஒரு பக்கம் போட்டு, என் நம்பர் போட்டு, ஓரத்துல விளம்பரம் ஓட விட்டேன். என்ன விளம்பரம் வரணும்னு நாம சொல்றது இல்ல, மெஷினே பேரப் பாத்துப் போட்டுக்கும். கைமாத்துன்னா என்ன போடும். கடன் விளம்பரம் போடும். இருபது நாள்ல சென்னையிலேர்ந்து ஒரு கடன் கம்பெனி கூப்பிட்டாங்க. சின்னப் பொண்ணு ஒண்ணு பேசுச்சு. மிஸ்டர் மணவாளன், மிஸ்டர் மணவாளன்னு வார்த்தைக்கு வார்த்தை. நாலு லட்சம் சொன்னாங்க. நான் ஆறு சொன்னேன். மேல கேட்டுச் சொல்றோம்னாங்க. அப்ப ஒண்ணு கேட்டாங்க, இந்தப் பேருக்கு வேற யாராவது உரிமை கொண்டாட வாய்ப்பு இருக்கான்னு. யாரும் இல்லன்னு சொன்னேன். சட்டப்படி யாரும் இல்லதான.

ஆனா ஒரு விஷயம் நான் எதிர்பாக்கலை. ஒரு பேர வாங்கினா அந்தப் பேருக்கு வர்ற மெயிலும் நமக்கு வரும். சாதாரணமா என்ன வரும், குப்பை வரும். இதுல முதல் நாள் வந்த மெயில் இன்னும் எனக்கு மனப்பாடமா இருக்கு. 'ஐயா, அப்பா நேற்று தவறிவிட்டார். கட்டிலைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறோம். யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?' அவ்வளவுதான். அப்பா போயி ஒரு நாள்தாங்க ஆகுது. அதுக்குள்ள கட்டிலக் கழுவி வச்சிருக்காங்க.

தினம் ரெண்டு, மூணு வரும். தேவைன்னு கேட்டு வர்றதவிட திருப்பிக் குடுக்கணும்னு வர்றதுதான் ஜாஸ்தி. நான் முதல்ல கண்டுக்கலை. ஒரு நாள் கமலவல்லி மாடிக்குத் துணி எடுக்க வந்தவ, ஸ்க்ரீன்ல ஒண்ணப் படிச்சுட்டா. அப்பறம் பின்னாடி நின்னு எல்லாத்தையும் படிச்சா. துணிய மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. இந்தப் பேர அருளப்பன் வீட்டுக்கே குடுத்துருங்கன்னா. நான் அவளுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொன்னேன். நமக்கு ரெண்டு பொண்ணு, பெரியவளுக்கு அடுத்த வருஷம் காலேஜு, பதினாலு வருஷத்துல ஒரு தடவ கதவு தட்டியிருக்குன்னு சொன்னேன். அவ துணிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அருளப்பனோட மக ஜெசிந்தா கூப்பிட்டது சித்திரை மாசம். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு மருந்துக் கடையில வேலை பாக்குது அந்தப் பொண்ணு. மரியாதையாத்தான் பேசுச்சு. சார்னு ஆரம்பிச்சு, கொஞ்ச நேரத்துல அண்ணேன்னுச்சு. அது எங்கப்பா பேருண்ணேன்னு சொல்லுச்சு. நான் சொன்னேன், உங்கப்பா பேரு அருளப்பன்மா, இது அகராதியில இருக்கற வார்த்தை, இது யாருக்கும் சொந்தமில்லன்னு. தப்பா? ஆனாலும் நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஆறு லட்சம் போகற பேர, உங்களுக்குன்னா முப்பதாயிரத்துக்குத் தர்றேன்னு சொன்னேன். எவன் சொல்லுவான்.

 மருந்துக் கடையில யாரோ இருமல் மருந்து கேக்கறது கேட்டுச்சு. அப்பறம் அந்தப் பொண்ணு சொல்லுச்சு, "அதுக்கு ஒரு பழைய ஆக்சிஜன் மெஷினே வாங்கிடலாம்ணே."

சரி, பேரு வேண்டாம், உங்க பக்கத்துல ஒரே ஒரு வரி போடுங்க, கட்டில் விஷயமாக் கூப்பிடறவங்க இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு தன்னோட நம்பரப் போடச் சொல்லிக் கேட்டுச்சு. இதுல ஒரு சிக்கல் இருக்கு, உங்களுக்குப் புரியும். சென்னைக்காரங்க தினம் அந்தப் பக்கத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க. அதுல இன்னொருத்தர் நம்பர் இருந்தா, யாரோ உரிமைக்காரர் இருக்காங்கன்னுதான நெனைப்பாங்க. விலை விழுந்துடும். இல்ல, விலகியே போயிடுவாங்க. கொஞ்ச நாள் பொறும்மான்னேன். அதுவரைக்கும் வர்ற மெயில நானே பாத்து உனக்கு அனுப்பறேன்னு சொன்னேன். சொன்னது மட்டும் இல்ல, செஞ்சேன். நானா எழுதுவேன், 'கட்டில் பற்றிய விவரம் கிடைத்தது, ஆள் வருவார்'னு. அந்தப் பொண்ணுக்கு ஊரு, நம்பர் எல்லாம் மெசேஜ் போடுவேன். ரெண்டு மாசம், ஒத்தப் பைசா வாங்காம. எத்தனையோ கட்டில் என்னாலதான் கைமாறி இருக்கு. இத யாரும் சொல்ல மாட்டாங்க.

கீழ பேரு போட மாட்டேன். கைமாத்துன்னு மட்டும் போடுவேன். எழுதறவங்க எல்லாம் அருளப்பன் ஐயான்னுதான் எழுதுவாங்க. அவரு செத்தது பாதிப் பேருக்குத் தெரியாது. அத எதுக்கு நாம போயி ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கிட்டு.

ஆளு எப்படி இருப்பார்னு எனக்குத் தெரியும். பழைய சைட்ல ஒரு போட்டோ இருந்துச்சு. கட்டிலோட ஒரு முனைய அவரும் இன்னொரு முனைய யாரோ ஒரு பெரியவரும் தூக்கிக்கிட்டு வாசப்படி எறங்கறாங்க. வழுக்கைத் தலை, சட்டைப் பையில ரெண்டு பேனா. நான் பேர எடுத்ததும் அந்தப் பக்கம் போயிடுச்சு, அதுக்கு முன்னாடி பாத்தது. சும்மா ஒரு தடவதான். எடுக்கப் போற சரக்கப் பாக்காம யாராவது எடுப்பாங்களா.

ஆனி மாசம் என் மச்சினன் வீட்ல காதுகுத்து. மூணு நாள் எல்லாரும் மணப்பாறை போயிட்டோம். மெயில ஃபோன்லயே பாக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. கமலவல்லியும் கேட்டா. நான்தான் ஃபோன்லேர்ந்து அத எடுத்து விட்டிருந்தேன். தினம் சாவுச் சேதியாவே வருதுங்க. சாப்பிட உக்காந்தா ஒண்ணு, கோயிலுக்குப் போனா ஒண்ணு. யாருக்கு முடியும். மாடியில உக்காந்து பாக்கறதோட சரின்னு வச்சிருந்தேன்.

திரும்பி வந்து பாத்தா, மலர்க்கொடின்னு ஒரு அம்மாகிட்டேர்ந்து ரெண்டு மெயில். முதல் மெயில் நாங்க கெளம்பின அன்னிக்கு வந்தது. ஃபோன்ல பேசறத அப்படியே எழுத்தாக்கின மாதிரி, புள்ளி கமா எதுவும் இல்லாம ஒரே ஓட்டமா இருந்துச்சு. வீட்டுக்காரர் கல் குவாரியில வேலை பாத்தவர், நுரையீரல் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின் காத்து கம்மியா வருது. வாட்டர் பெட் ஏற்கெனவே உங்ககிட்ட வாங்கினதுதான், ஒரு மெஷினும் இருந்தா அனுப்புங்கய்யா.

ரெண்டாவது மெயில் மூணாம் நாள் வந்திருக்கு. பதில் இல்லேன்னதும் அந்தம்மா சைட்டத் தொறந்து பாத்திருக்காங்க. என் பக்கத்துல, ஓரத்துல, 'உடனடி உதவிக்கு இங்கே அழுத்தவும்'னு ஒரு விளம்பரம் ஓடியிருக்கு. அருளப்பன் சைட்டுதானன்னு அழுத்தி நம்பர் குடுத்திருக்காங்க. ஒருத்தன் கூப்பிட்டுப் பேசியிருக்கான். ஃபைல் போட எண்ணூத்தி நாப்பது ரூபா அனுப்பணும்னு சொல்லியிருக்கான். அனுப்பிட்டு, மெஷின் வரும் வரும்னு பொழுதன்னிக்கும் வாசல்லயே நின்னிருக்காங்க. அப்பறம் அவன் ஃபோனே எடுக்கலை.

அந்த மெயில்ல திட்டு ஒண்ணும் இல்லங்க. திட்டியிருந்தா நான் எதாவது பதில் சொல்லியிருப்பேன். 'ஐயா அவர் வியாழக்கிழமை போயிட்டார் இனிமேல் மெஷின் வேண்டாம் வேறு யாருக்காவது குடுங்கள் உங்கள் ஆபீஸில் கட்டிய எண்ணூற்று நாற்பது ரூபாயை முடிந்தால் திருப்பிக் குடுங்கள் காரியத்துக்கு ஆகும்'னு இருந்துச்சு.

விளம்பரம் என்னுது இல்ல. அந்தக் கம்பெனி யாருன்னே எனக்குத் தெரியாது. மெஷின் கெடைச்சிருந்தா அவரு பொழைச்சிருப்பாருன்னு சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலயே கைவிட்ட கேஸு. இதெல்லாம் நான் கமலவல்லிகிட்ட சொன்னேன். அவ கேட்டுக்கிட்டா. "ஜெசிந்தா நம்பர் அந்தப் பக்கத்துல இருந்திருந்தா, வியாழக்கிழமைக்கு முன்னாடி அந்தப் பொண்ணு ஒரு மெஷின் கொண்டுபோயி வச்சிருக்கும்ல"ன்னு மட்டும் கேட்டா. வச்சிருக்கலாம், வைக்காமலும் இருந்திருக்கலாம். அன்னிலேர்ந்து அவ மாடிக்கு வர்றதில்ல. காபி கூட சின்னவகிட்ட குடுத்து அனுப்பறா. பேசறா, சிரிக்கறா, எல்லாம் பண்றா. மாடிக்கு மட்டும் வர மாட்டேங்கறா.

எண்ணூத்தி நாப்பது ரூபாய நான் என் கையிலேர்ந்து அனுப்பினேன். என் தப்பு இல்லாட்டியும் அனுப்பினேன். அந்தம்மா உடனே பதில் போட்டாங்க. 'கிடைத்தது அருளப்பன் ஐயா நீங்க நல்லா இருக்கணும்'னு. நான் ஒண்ணும் திருத்தலை. அந்த நேரத்துல திருத்தி என்ன ஆகப் போகுது.

சென்னைக்காரங்க ஆடியில வேற ஏதோ பேரு வச்சுக்கிட்டாங்க. சொல்லிக்கூட அனுப்பலை, விளம்பரத்துல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்பறம் நானே ஜெசிந்தாவக் கூப்பிட்டேன். பேர எடுத்துக்கம்மா, ஒண்ணும் தர வேண்டாம்னேன். சும்மாவே குடுக்கறேங்கறேன், ஒரு சந்தோஷம் வேண்டாமா குரல்ல?

"வேண்டாம்ணே. நாங்க வேற ஸ்டிக்கர் அடிச்சாச்சு. நானும் எங்கம்மாவும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு வீடாப் போயி மேல ஒட்டிக்கிட்டு வர்றோம். அந்தப் பேரச் சொன்னா இப்ப ஜனங்க, அந்தக் கடன்காரங்களான்னு கேக்கறாங்க."

 விளம்பரத்த எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு கேட்ட வரிய, அதோட நம்பரோட, இப்பப் போட்டு வச்சிருக்கேன். யாரும் அந்தப் பக்கம் வர்றதில்ல. தினம் நாலு பேரு பாத்தாப் பெரிசு. மாசியில பணம் கட்ட வேண்டிய நாள் வந்துச்சு, கட்டிட்டேன். ஏன் கட்டினேன்னு கேக்காதீங்க. விட்டா வேற எவனாவது எடுப்பான்.

எது மாத்தூரா? பஸ் தாண்டிருச்சா. அப்ப நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

ஒம்பது நாளைக்கு முன்னாடி மறுபடியும் மலர்க்கொடியம்மா மெயில். வருஷ திதி முடிஞ்சுதாம். வாட்டர் பெட்ட இத்தனை நாள் குடுக்க மனசு வரலை, மன்னிச்சுக்கங்க, அவரு படுத்திருந்ததுன்னு வச்சிருந்தேன், இப்பக் குடுத்துடறேன்னு எழுதியிருக்காங்க. வேற யாருகிட்டயும் வேண்டாம், உங்ககிட்ட நேர்ல குடுக்கணும், உங்களை ஒரு தடவ பாக்கணும்னு. அவங்க அருளப்பனப் பாத்ததே இல்ல. அந்த பெட் விராலிமலையில வேற ஒரு வீட்லேர்ந்து வாங்கினது. ஜெசிந்தாவுக்கு அனுப்பலாம்னுதான் நெனைச்சேன். அந்தப் பொண்ணு போனா முதல் வார்த்தையே அப்பா செத்து ஒண்ணரை வருஷம் ஆச்சுன்னு சொல்லும். அப்ப அந்தம்மா கேப்பாங்கல்ல, பணம் அனுப்பினது யாருன்னு, பதில் போட்டது யாருன்னு. அதனால நானே வர்றேன்னு எழுதிட்டேன். கீரனூர் பஸ் ஸ்டாண்டுல பதினோரு மணிக்கு நிக்கறேன்னு பதில் வந்துச்சு. பச்சைப் புடவை, கையில கட்டைப்பைன்னு அடையாளம் சொல்லியிருக்காங்க. தண்ணிய எடுத்துட்டு மடிச்சா ஒரு பைக்குள்ள அடங்கிடும்.

கீரனூர்ல எறங்கணும்னுதான் கெளம்பினேன். கண்டக்டர் வந்து கேட்டப்ப வாயில புதுக்கோட்டைன்னு வந்துடுச்சு. நீங்க கீரனூர் டிக்கெட் வாங்கினது காதுல விழுந்துச்சு. அதான் எந்திரிச்சு வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன். கோவிச்சுக்காதீங்க.

ஒண்ணும் பெரிய உதவி இல்ல. பஸ் அங்க அஞ்சு நிமிஷமாவது நிக்கும். நீங்க எறங்கினதும் அந்தப் பையை வாங்கி, பின்னாடி படிக்கட்டு பக்கத்துல வச்சுடுங்க. நான் எடுத்துக்கிட்டுப் போயி புதுக்கோட்டையில மருந்துக் கடையில குடுத்துடறேன். உள்ள போக மாட்டேன், வாசல்லயே வச்சுட்டு வந்துடுவேன். என்னக் காட்ட வேண்டாம். நான் சும்மா ஒரு பாசஞ்சர்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க. நான் என்ன, நீங்கதான் அருளப்பன்னு சொல்லச் சொன்னேனா. அப்படிச் சொன்னாத்தான் பொய். அவரு அனுப்பினாருன்னுகூட சொல்ல வேண்டாம்.

அதோ, அந்த வேப்பமரத்துக்குக் கீழ. பச்சைப் புடவை. பையை ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க பாருங்க, அவங்கதான். பஸ்ஸுக்குள்ள எட்டி எட்டித் தேடறாங்க. நீங்க எந்திரிங்க சார், கூட்டம் ஏறிடும்.

எங்க அருளப்பன்னு கேட்டாங்கன்னா, ஊர்ல இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்ல பாருங்க.